பிளஸ் டூ பிள்ளைகளிடம் எதையாவது நம்பி ஒப்படையுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

நான் அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். நீங்கள் மே மாதம் அனுப்பிவைக்கிற பிள்ளைகள்தான் அடுத்த இரண்டு மாதத்தில் என் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். சேர்க்கை மேசையில் எனக்கு முறை வரும்போது கட்டுக்கட்டாக மாற்றுச் சான்றிதழ்கள் கைக்கு வரும். அங்க அடையாளங்கள் என்கிற கட்டத்தில் இடது முழங்கையில் ஒரு மச்சம், வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு என்று பிள்ளையை நிறுத்திப் பார்த்து எழுதியிருப்பீர்கள். அதே தாளில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று இன்னொரு கட்டம் இருக்கும். அதில் எல்லோருக்கும் 'நன்று'. வகுப்புத் தலைவனுக்கும் நன்று, வருஷம் முழுக்க யாரிடமும் வாய் திறக்காத பிள்ளைக்கும் நன்று, இன்னொருவனை அழவைத்தே பொழுது போக்கியவனுக்கும் நன்று.

அந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்புங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் பண்பைப் பற்றிக் காலத்துக்கும் கூடவே வரப்போகிற ஒரு தாளில் தீர்ப்பு எழுதாமல் இருப்பதே நல்லது. 2022-ல், ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடந்துகொள்பவர்களை நீக்கும்போது காரணத்தைச் சான்றிதழிலேயே குறிப்போம் என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அறிவித்தபோது எனக்குப் பகீரென்றது. அந்தக் கட்டத்தில் 'நன்று' தவிர வேறு ஏதாவது எழுதலாம் என்று நமக்குத் தோன்றியதே தண்டனை கொடுக்க நினைத்தபோதுதானா?

நான் பேச வந்தது அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய விஷயத்தைப் பற்றி. தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, நேர்மை, பிறர் துன்பம் உணர்தல், சமூகப் பொறுப்பு. இந்தப் பட்டியல் உங்கள் ஆண்டு மலரில் இருக்கிறது, பள்ளி முகப்புச் சுவரில் இருக்கிறது, ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேச்சில் இருக்கிறது. சிங்கப்பூர் கல்வி அமைச்சு தன் பள்ளிகளில் படித்து முடிக்கிற பிள்ளை தன்னம்பிக்கை உள்ளவராக, தானே கற்றுக்கொள்பவராக, முனைந்து பங்களிப்பவராக, அக்கறையுள்ள குடிமகனாக இருக்க வேண்டும் என்று நான்கே வரியில் எழுதி வைத்திருக்கிறது. யாருக்கும் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் இவையெல்லாம் ஒரு பிள்ளையிடம் எதையாவது நம்பி ஒப்படைத்தால் மட்டும் வளருகிற குணங்கள். நம் பள்ளிகளில் பிள்ளை வளர வளர ஒப்படைப்பது குறைந்துகொண்டே வந்து பிளஸ் டூவில் ஒன்றுமே இல்லை என்றாகிவிடுகிறது. என் குறை அதுதான்.

செயல்வழிக் கற்றல் உங்களுக்கு நினைவிருக்கும். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன முறை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை காலையில் வந்ததும் தன் வருகையைத் தானே அட்டையில் குறித்துக்கொள்ளும். வெளியே எட்டிப் பார்த்து இன்றைக்கு வெயிலா மேகமா மழையா என்று காலநிலை அட்டவணையில் பதியும். பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்கான குழுவில் போய் உட்காரும். தரையை ஒட்டி அமைத்த கரும்பலகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. அது வரைந்த படம் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும். டீச்சர் தரையில் அவர்களோடு உட்கார்ந்திருப்பார். அந்த முறையில் குறைகள் இருந்தன, அட்டைகள் கிழிந்து போயின, வாசிப்பு போதவில்லை என்று பெற்றோர் சண்டை போட்டார்கள், எல்லாம் சரி. ஆனாலும் ஆறு வயதுக் குழந்தையை நம்பி அதன் வருகைப் பதிவையே அதன் கையில் கொடுத்தோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அதே குழந்தை பதினேழு வயதில் உங்களிடம் இருக்கிறது. அது தானாக முடிவு செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்பதை ஸ்டடி அட்டவணை சொல்லிவிடும். எந்தக் கேள்வி வரும் என்பதைப் பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்த ஆசிரியர் சொல்லிவிடுவார். எங்கே உட்காருவது, யாரோடு பேசுவது, எப்போது தண்ணீர் குடிப்பது வரைக்கும் மேலிருந்து வரும். தனியார் பள்ளிகளில் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் என்றால் தலைவாரும் நேரத்துக்கும் மணி அடித்திருப்பார்கள். இப்படி இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் முதல் வாரம் நான் "உங்களுக்குள் பேசி நாலு நாலு பேராகக் குழு பிரிந்துகொள்ளுங்கள்" என்றால் வகுப்பே திகைத்து நிற்கிறது. "நீங்களே பிரிச்சு விட்டுடுங்க மேம்" என்கிறார்கள்.

லேபில் நடப்பதைச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். முதல் செமஸ்டரில் நாங்கள் வைக்கிற பரிசோதனைகளில் ஒன்று அவர்கள் பிளஸ் டூவிலேயே செய்ததுதான். பியூரெட் என்கிற, அளவுக் கோடு போட்டு அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாயில் பெர்மாங்கனேட், கீழே கோனிக்கல் குடுவையில் பெரஸ் என்கிற இரும்பு உப்புக் கரைசல். தனியாக இண்டிகேட்டர் எதுவும் தேவையில்லை, பெர்மாங்கனேட்டின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த இடத்தில் நிறம் தோன்றித் தோன்றி மறையும். ஏதோ ஒரு சொட்டில் வெளிர் ரோஜா நிறம் வந்து மறையாமல் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் குழாயைத் திருகி நிறுத்திவிட்டு அளவைக் குறிக்க வேண்டும். ஒரு சொட்டு கூடிப்போனால் நிறம் அடர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். கையும் கண்ணும் பொறுமையும் கேட்கிற வேலை. தன் கண்ணைத் தானே நம்பிச் செய்கிற வேலையும் கூட.

பிள்ளைகள் பியூரெட்டைக் கழுவுவதற்கு முன்பே என்னிடம் வந்து கேட்பது, "மேம், வேல்யூ எவ்வளவு வரணும்?" ஒருவர் இருவர் இல்லை, வகுப்பில் பாதிப்பேர். இன்னும் சிலர் கேட்பதுகூட இல்லை, பக்கத்து மேசையில் எழுதியிருப்பதை வாங்கி எழுதிவிட்டு, மூன்று முறை செய்ததாக மூன்று வரியிலும் ஒரே அளவைப் போட்டு, குடுவையில் கையே வைக்காமல் நிற்கிறார்கள். விசாரித்தால் ஒளிவுமறைவே இல்லாமல் சொல்கிறார்கள்: "ஸ்கூல்ல பிராக்டிகல் அன்னிக்கு வேல்யூ சொல்லிடுவாங்க மேம்." தப்புச் செய்தோம் என்கிற எண்ணம் அந்த முகங்களில் இருக்காது. ஏனென்றால் அதைச் சொல்லிக்கொடுத்தது அவர்கள் மதிக்கிற ஆசிரியர். செய்முறைக்கு உள்ள 20 மதிப்பெண்ணில் ஒன்றுகூடக் குறையக்கூடாது என்கிற நல்லெண்ணத்தில்தான் அவரும் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன? நீ கண்ணால் பார்த்தது முக்கியமில்லை, எதிர்பார்க்கிற எண்ணை எழுது. வேதியியலை விடுங்கள், இதே பிள்ளை நாளைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்காரும், குடிநீர் வாரியத்தில் குளோரின் அளவு பார்க்கும், ஒரு மருந்துக் கம்பெனியில் பேட்ச் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்.

நேர்மை என்கிற பண்பை நீதிபோதனை வகுப்பில் கதை சொல்லி வளர்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த லேபில், இந்த மேசையில், தப்பாக வந்த அளவைத் தப்பாகவே எழுதிக் காட்டுகிற பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. எங்கள் லேபில் இப்போது உண்மையான அளவை எழுதி, எங்கே பிசகியது என்று இரண்டு வரி காரணமும் எழுதினால் முழு மதிப்பெண். முதல் மாதம் யாரும் நம்புவதில்லை. தீபாவளிக்குள் ஒன்றிரண்டு பேர் "மேம், எனக்கு ஒரு சொட்டு கூடிடுச்சு" என்று தாங்களாகவே வந்து சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்க நான் படுகிற பாட்டில் பாதியை நீங்கள் குறைக்கலாம்.

பி.டி. பீரியடைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, விளையாட்டு வகுப்பை மற்ற பாடங்களுக்குக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது. பிளஸ் டூ கால அட்டவணையில் அந்தக் கடன் இன்னும் திரும்பி வரவில்லை. தோற்றுவிட்டு அடுத்த நாள் அதே ஆட்களோடு ஆடுவதை, நன்றாக ஆடாதவனையும் அணியில் சேர்த்துக்கொள்வதை, அவுட் ஆனதைத் தானே ஒப்புக்கொண்டு வெளியேறுவதை ஒரு பிள்ளை வேறு எந்தப் பீரியடில் பழகும்? அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் 2 மதிப்பெண் கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு என்று வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் எல்லோருக்கும் போட்டுவிட்டு மன்றம், என்.எஸ்.எஸ்., செஞ்சிலுவைச் சங்கம் எல்லாம் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தால் என்ன பயன்?

இனி, சொல்லக் கொஞ்சம் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். நம் பாடநூல் ஒவ்வொன்றிலும் அட்டையைத் திருப்பியதும் தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பிள்ளை அதை எத்தனை புத்தகத்தில் பார்த்திருக்கும்! அப்படிப் படித்த பிள்ளைகளில் சிலர்தான் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தங்களோடு ஒரே பள்ளியில் படித்த பட்டியலின மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளியில் நடந்த தொந்தரவைப் பற்றி அந்தப் பையன் புகார் சொன்ன பிறகு நடந்தது இது. அதற்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைப்பது, 6 முதல் 12 வரை வாரம் ஒரு அறநெறி வகுப்பு என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. கயிறு விஷயத்தில் 2019-லேயே ஒரு சுற்றறிக்கை வந்ததும், அது தனக்குத் தெரியாமல் வந்தது என்று அப்போதைய அமைச்சரே சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

பரிந்துரைகள் முழுமையாக நடைமுறைக்கு வரட்டும், வர வேண்டும். அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வகுப்பில் ஒருவன் இன்னொருவனைச் சாதி சொல்லிச் சீண்டும்போது, செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முப்பது பேர். நான் அதிகம் யோசிப்பது அந்த முப்பது பேரைப் பற்றி. அவர்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள், மனதுக்குள் கூசிப் போகிறவர்கள்தான். ஆனால் வாய் திறப்பதில்லை. இதற்கு முன்னால் எப்போதோ, ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ, யாருக்காகவோ பேசப்போய் "உனக்கென்னடா வந்துச்சு, உன் வேலையைப் பாரு" என்று கேட்டிருப்பார்கள். "நீ என்ன அவனுக்கு வக்கீலா?" என்று கேட்டிருப்பார்கள். இந்த வார்த்தைகளை நாம் எல்லோரும் ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறோம். அடுத்தவனுக்காகப் பேசுகிற பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்துவிட்டு, சமூக அக்கறை என்று சுவரில் எழுதுவதில் அர்த்தமில்லை. அகர வரிசை இருக்கை நல்லது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று என்றால் எழுந்து சொல்லலாம், சொன்னால் சார் கேட்பார், கேட்டுவிட்டு என் பெயரை வெளியே விடமாட்டார் என்கிற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த இருக்கை வெறும் இருக்கைதான். பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் பள்ளியில் எங்கே இருக்கிறது? தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டியிருந்தால் அதில் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? நூலகத்துக்குள்ளோ யார் கண்ணும் படாத ஒரு திருப்பத்திலோ மாட்டுங்கள். 14417 என்கிற உதவி எண்ணைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீங்களே வாயால் சொல்லுங்கள். தலைமையாசிரியரே நம்பர் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு.

சுத்தம் செய்வதைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைக்கிற காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இங்கேயும் வரணும்" என்பவர்கள் உண்டு. வரட்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடாது. பட்டியலினப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர்கள் மேல் வழக்குப் பதிவான மாநிலம் இது. ஆகவே கழிவறை சம்பளம் வாங்கும் பணியாளர் வேலை, அதில் பேச்சே இல்லை. வகுப்பறை, ஆய்வகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றுக்கு எல்லோர் பெயரும் அகர வரிசையில் எழுதின முறைப் பட்டியல், அதில் ஆணும் பெண்ணும் ஆசிரியரும் சேர்த்தி. உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். நீங்கள் துடைப்பம் எடுக்கிற அன்றைக்குப் பிள்ளைகள் படிக்கிற பாடம் எந்த நீதிபோதனையிலும் கிடைக்காது.

இருபாலர் பள்ளிகளில் பையனும் பெண்ணும் பேசினாலே வீட்டுக்குப் போன் போடுவது, தனித்தனிப் படிக்கட்டு வைப்பது, அபராதம் போடுவது, இவற்றையும் நிறுத்துங்கள். பேசிப் பழகாதவர்கள் கல்லூரிக்கு வந்து ஒரே மேசையில் ஒரு பரிசோதனை செய்யத் தெரியாமல் நெளிகிறார்கள். அதைவிட மோசம், மறுப்பைக் கேட்டு ஏற்றுக்கொள்ளத் தெரியாத பையன்களும், பிடிக்கவில்லை என்று நேரே சொல்லப் பயப்படுகிற பெண்களும். "நோட்ஸ் தருவியா", "தரமாட்டேன்", "சரி பரவாயில்லை" என்று சாதாரணமாகப் பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு மற்ற பேச்சும் மரியாதையாக வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் நிலைமை தெரியாத மாதிரி நடிக்க முடியாது. முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் தேர்ச்சி சதவீதம் குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரை எழுப்பி நிற்க வைப்பார்கள். பணியிடம் காலியாக இருக்கும், எமிஸ் என்கிற இணையத் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவது ஒரு ஆளையே தின்னும், கலைத்திருவிழா ஒரு பக்கம், பெற்றோர் கூட்டம் ஒரு பக்கம். தனியார் பள்ளி என்றால் தாளாளருக்கு வாசலில் பிளெக்ஸ் வைக்கப் படம் வேண்டும். 2017-லேயே முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியும் அந்த பிளெக்ஸ் நிற்கவில்லை. இதையெல்லாம் மாற்றுவது உங்கள் ஒருவர் கையில் இல்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26-லிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் உங்கள் கைக்குத் திரும்ப வந்திருக்கிறது. அதை வாங்கி உடனே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டி நடத்தப் பயன்படுத்தினால், பொதுத்தேர்வு வருவதற்கு முன்னால் இருந்த அதே பழைய கதைக்குத் திரும்பியதாகிவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தப் பதினொன்றாம் வகுப்பிடம் நிஜமான பொறுப்புகளைக் கொடுங்கள். நிஜமானவை என்றால், சொதப்பினால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியானவை. ஆண்டு விழாவின் செலவுக் கணக்கை நான்கு பேர் எழுதட்டும், பில்லோடு சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நூலகத்தை மதிய இடைவேளையில் அவர்களே திறந்து வைக்கட்டும், புத்தகம் தொலைந்தால் தொலைந்ததாக எழுதட்டும். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ பொறுப்பு என்று முதல் நாளே பெயர் சொல்லிக் கைகாட்டிவிடுங்கள். சண்டை வந்தால் உடனே பெற்றோரை அழைத்துவரச் சொல்லி வெளியே நிற்க வைக்காமல், சண்டை போட்ட இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொல்லும்வரை கேளுங்கள். இதற்கு ஒரு பீரியட் போகும், போகட்டும். கணக்கில் தப்பு வரும், நூலகச் சாவி தொலையும், ஒரு அண்ணன் தன் ஆறாம் வகுப்புத் தம்பியை மறந்தே போவான். அப்போது பொறுப்பைப் பிடுங்கிக்கொள்ளாமல் அடுத்த மாதமும் அவர்களிடமே விட்டால்தான் இதெல்லாம் பலிக்கும். முதல் தப்பிலேயே "இதுங்களை நம்பி ஒண்ணும் கொடுக்க முடியாது" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் நம் வழக்கம், பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில், செய்முறைத் தேர்வு தொடங்குவதற்கு முன்னால், எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளின் பிளஸ் டூ வேதியியல் பிள்ளைகளை ஒரு நாள் எங்கள் லேபுக்கு அனுப்பிவையுங்கள். பியூரெட், கெமிக்கல், மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, எங்கள் முதல்வரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக, தன் கையால், விடை தெரியாத ஒரு கரைசலை வைத்துச் செய்யட்டும். வேல்யூ நாங்கள் சொல்லமாட்டோம், கூட வருகிற ஆசிரியரும் சொல்லக்கூடாது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள், நாங்களும் இந்தப் பிள்ளைகளுக்காகத்தானே இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கல்லூரி ஆசிரியை ஒருத்தி